புகைப்படத்தில் இருப்பதும் இல்லாததும்

தென்னை மரங்களின் நிழலில், மணலில் அமர்ந்திருக்கும் தீவு மக்கள். அவர்களுக்கு எதிரே அமெரிக்கக் கடற்படைச் சீருடையில் ஓர் அதிகாரி. பசிபிக் பெருங்கடலில், மார்ஷல் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பிகினியில் 1946-ம் ஆண்டு எடுக்கப்பட்ட படம் இது. விவரம் அறியாதவர்கள் ஏதோ ஊர்க்கூட்டம் என்றே எண்ணுவார்கள்.

அந்த அதிகாரி, தீவுகளின் ராணுவ ஆளுநராக இருந்த பென் வயட். 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வழிபாடு முடிந்த வேளையில் அவர் மக்களைச் சந்தித்தார். மனித குலத்தின் நன்மைக்காகவும், போர்களுக்கு முடிவு கட்டவும் அணுகுண்டுச் சோதனை நடத்தவிருப்பதாகவும், அதற்காகத் தற்காலிகமாகத் தீவைவிட்டு வெளியேற வேண்டும் என்றும் கேட்டார். எல்லாம் இறைவன் கையில் என்று தலைவர் ஜூடா பதிலளித்தார். இந்தச் சந்திப்பைப் பின்னர் கேமராக்களுக்காகத் திரும்பத் திரும்ப நடிக்க வைத்துப் படம் பிடித்தார்கள் என்பதுதான் பலர் அறியாத செய்தி. போரில் வென்ற வல்லரசு ஒன்று, படகுகளை மட்டுமே உடைமையாகக் கொண்ட 167 பேரிடம் கேட்டுப் பெற்றதைச் சம்மதம் என்று எப்படி அழைப்பது? அதைப் படமாகவும் பாதுகாத்து வைப்பது அரசுகளுக்கே உரிய சாமர்த்தியம்.

அந்த ஆண்டு ஜூலை 1-ம் தேதியும், 25-ம் தேதியும் குண்டுகள் வெடிக்கப்பட்டன. ஏறத்தாழ 42,000 பேர் பங்கேற்ற அந்நிகழ்வு, சுமார் 50,000 புகைப்படங்களிலும் 15 லட்சம் அடி படச்சுருளிலும் பதிவாயிற்று. கரையோரத் தென்னைகளுக்கு அப்பால் பிரம்மாண்டமான நீர்த்தூண் எழுவதும், அதன் அடியில் போர்க்கப்பல்கள் பொம்மைகளைப்போலத் தெரிவதும் உலகெங்கும் பார்க்கப்பட்ட காட்சி. அதே ஆண்டு நவம்பரில், சோதனைக்குத் தலைமை வகித்த துணை அட்மிரல் பிளாண்டி, அணுகுண்டு மேகத்தைப்போல வடிவமைக்கப்பட்ட கேக்கை மனைவியுடன் வெட்டும் படம் வாஷிங்டனில் எடுக்கப்பட்டது. பாரிஸில் நீச்சல் உடைக்கு அந்தத் தீவின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தார்கள்.

படத்தில் இல்லாதவை வேறு. ரோங்கெரிக் என்கிற வறண்ட தீவில் குடியமர்த்தப்பட்ட பிகினி மக்கள் இரண்டே ஆண்டுகளில் பட்டினியின் விளிம்புக்குத் தள்ளப்பட்டனர். பிறகு கிலி தீவு. 1970-களில் சிலர் ஊர் திரும்பினர். உடலில் கதிரியக்கப் பொருள் சேர்வது கண்டறியப்பட்டதும், 1978-ல் மீண்டும் வெளியேற்றப்பட்டனர். "தற்காலிகம்" இன்னும் முடியவில்லை.

1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் நடந்த சோதனைகள் 67. அவற்றில் கொடியது 1954 மார்ச் 1-ம் தேதி வெடித்த "பிராவோ". ஹிரோஷிமா குண்டைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஆற்றல் கொண்டது அது. ரோங்கெலாப் தீவில் வெண்மையான சாம்பல் பொழிந்தது. இரண்டு நாள்கள் கழித்தே மக்கள் அகற்றப்பட்டார்கள். உடனே அவர்கள் ஆய்வுப் பொருளானார்கள். புண்பட்ட கழுத்து, உதிர்ந்த தலைமுடி என மருத்துவப் படங்கள் எடுக்கப்பட்டன. கப்பல்களின் பெயர்களைத் தவறாமல் குறித்த ஆவணக் காப்பாளர்கள், இந்த முகங்களுக்குப் பெரும்பாலும் பெயர் எழுதவில்லை.

அன்று இதற்கு எதிராக முதலில் ஒலித்த குரல்களில் ஒன்று தில்லியிலிருந்து எழுந்தது. 1954 ஏப்ரல் 2-ம் தேதி மக்களவையில் பிரதமர் நேரு, சோதனைகளை நிறுத்தி வைக்கும் உடன்பாடு வேண்டும் என்று கோரினார். அணு வெடிப்புகளின் விளைவுகள் குறித்து விஞ்ஞானி டி.எஸ். கோத்தாரி தலைமையில் தயாரான நூலை 1956-ல் மத்திய அரசே வெளியிட்டது. அணு ஆயுதப் பயன்பாடு சட்டவிரோதம் என்று 1995-ல் சர்வதேச நீதிமன்றத்திடம் எழுத்துபூர்வமாகச் சொன்னதும் இந்தியாதான்.

அதே நீதிமன்றத்தில், 2014 ஏப்ரலில் மார்ஷல் தீவுகள் தொடுத்த வழக்கில் நாம் எதிர்த்தரப்பானோம். அணு ஆயுத ஒழிப்புப் பேச்சுவார்த்தைக் கடமையை நிறைவேற்றவில்லை என்பது ஒன்பது நாடுகள் மீதான புகார். நீதிமன்ற அதிகார வரம்பை ஏற்றிருந்த இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய மூன்று மட்டுமே கூண்டேறின. குண்டு போட்ட அமெரிக்கா வரவே இல்லை. வழக்குத் தொடுப்பதற்கு முன் இரு தரப்பினருக்கும் இடையே தகராறு ஏதும் இருக்கவில்லை எனக் கூறி, 2016 அக்டோபர் 5-ம் தேதி 9-க்கு 7 என்கிற பெரும்பான்மையில் இந்தியாவுக்கு எதிரான வழக்கு தள்ளுபடியாயிற்று. சட்டப்படி நமது வாதம் சரியே. பிகினியில் நாம் குண்டு வெடிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால், சிறுவனாக பிராவோ வெளிச்சத்தை நேரில் கண்ட டோனி டி புரூம் என்கிற முன்னாள் வெளியுறவு அமைச்சரின் முயற்சியால் வந்த அந்த வழக்கை, வெறும் நடைமுறை வெற்றியாக தில்லி மறந்துவிட்டது. அந்த மக்களுக்காக ஒருகாலத்தில் நாடாளுமன்றத்தில் பேசிய நாடு இது என்பதை நினைவூட்ட நம்மில் எவரும் இல்லை.

2014 முதல் 14 பசிபிக் தீவு நாடுகளுடன் இந்தியா மாநாடு நடத்தி வருகிறது. 2023-ல் போர்ட் மோர்ஸ்பி மாநாட்டில் அந்நாடுகளுக்கு டயாலிசிஸ் கருவிகள் அறிவிக்கப்பட்டன. நல்லது. தைராய்டு புற்றுநோயைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்று, சிகிச்சைக்காகக் கடல் கடந்து அலையும் மார்ஷல் தீவினருக்கு நமது புற்றுநோய் மருத்துவமனைகளில் இடம் ஒதுக்க எந்தச் சர்வதேசத் தீர்ப்பும் தேவையில்லை. வெளியுறவு அமைச்சகம் அடுத்த மாநாட்டுக்கு முன்பே இதை அறிவிக்கலாம்.