யார் செவியின் குறை?

செவிப்புலனற்ற பாலருக்குக் கொக்லியர் கருவி செவியையே மீட்டளித்துவிட்டது என முழங்குவோர் பலர். 1978 இல் மெல்பேணில் கிறயெம் கிளார்க் தாம் உருவாக்கிய பல்மின்வாய்க் கருவியை ஒருவருக்குப் பொருத்தியது முதல் இத்துறை கண்ட வளர்ச்சி மறுக்கவொண்ணாதது. ஆயின், எம்மொழியைக் கேட்பதற்கான செவி அது என்னும் வினாவை அன்னோர் எழுப்புவதில்லை.

ஹொங்கொங்கில் வழங்கும் கன்ரனீஸ் மொழியில் ஆறு தொனிகள் உள. 'சி' என்னும் ஓரசை, தொனி வேறுபாட்டால் கவிதை, வரலாறு, பரீட்சித்தல், நேரம், சந்தை, விடயம் எனப் பொருள்படும். வாங்குதலும் விற்றலுங்கூட 'மாய்' என்னும் ஒரே அசைதான். தொனியே அவற்றைப் பிரிக்கின்றது. குறில் நெடில் பேதத்தை இழந்த தமிழ் எத்தகையதோ, தொனியை இழந்த கன்ரனீசும் அத்தகையதே.

கருவியோ ஒலியைச் சில மீடிறன் பட்டைகளாகப் பகுத்து, அவற்றின் வீச்சத்தின் ஏற்றவிறக்கத்தையே பெரும்பாலும் நரம்புக்கு உணர்த்துகின்றது. இயற்கைச் செவியில் ஏறத்தாழ 3,500 உள்மயிர்க்கலங்கள் ஆற்றும் பணியை இரண்டு டசினுக்கும் குறைந்த மின்வாய்கள் ஆற்ற முயல்கின்றன. சுருதி சொற்பொருளை வேறுபடுத்தாத ஆங்கிலத்திற்கு இது பெருமளவு போதும். மண்டரினில் அசையின் கால அளவும் தொனிக்குத் தொனி வேறுபடுவதாற் கேட்போருக்குச் சிறிது துணையுண்டு. கன்ரனீசின் மூன்று மட்டத்தொனிகளைப் பிரிப்பதோ சுருதியின் உயரமே. இளமையிலேயே செவிப்புலனிழந்து கருவி பெற்ற ஹொங்கொங் பாலர் தொனிகளை இனங்காணப் பெரிதும் இடர்ப்பட்டமையை 2002 இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

சூழலே பொருளை உணர்த்திவிடும் எனச் சிலர் வாதிப்பர். மொழியை முன்னரே அறிந்தோருக்கு அது பொருந்தலாம். சொற்களை இப்போதுதான் கற்கும் பாலருக்குச் சூழலும் சொற்களாலேயே அமைகின்றது. அறியாத சொற்களைக் கொண்டு அறியாத சொல்லை ஊகிக்குமாறு பணிப்பது கற்பித்தலாகாது.

கருவி பொருத்தப்பட்டும் சொற்களை மயங்கிக் கேட்கும் பிள்ளையை மந்தமெனவோ கவனமற்றதெனவோ கணிப்பது அநீதி. குறை பிள்ளையினதன்று; தொனியற்ற மொழிக்குப் போதுமானதை எல்லா மொழிக்கும் போதுமெனக் கொண்ட அளவுகோலினது. தொனியுணர்வைத் தனியே அளவிடாத எந்தச் சோதனையும் கன்ரனீஸ் பாலரின் வெற்றிக்குச் சான்றாகாது. சுருதியைத் தெளிவுறக் கடத்தும் முறைகளை நாடுதல் பொறியியலாளர் கடன். அதுவரை சைகைமொழியையும் எழுத்தையும் அப்பாலருக்கு மறுக்காதிருத்தல் ஆசிரியர் கடன். வாங்குதலையும் விற்றலையும் பிரித்தறிய விடாத செவியைத் தந்துவிட்டு, கேட்கவில்லையே எனப் பிள்ளையைக் கடிவது எவ்வகை அறிவியல்?