வெளிநாட்டுப் படிப்பு: அந்தப் பட்டியலை யார் போட்டது என்று கேளுங்கள்



பிளஸ் டூ ரிசல்ட்டும் கல்லூரிக் கடைசி செமஸ்டரும் முடிகிற இந்த நேரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயமாகத்தான் இருக்கிறது. "சார், பொண்ணை எம்.எஸ். படிக்க ஜெர்மனிக்கு அனுப்பலாம்னு இருக்கோம். நல்ல ஏஜென்ட் யாராவது தெரியுமா?" என்று கேட்கிறார்கள். எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பவர்கள் குறைவு. ஏஜென்ட் கிடைத்துவிட்டால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை.

நான் வெளிநாட்டில் படித்தவன் இல்லை. 34 வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு பழைய மாணவர்களின் பிள்ளைகளோடு உட்கார்ந்து நிறைய விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். எனக்குப் புரியாததை ஜெர்மனியில் இருக்கும் என் மாணவர்கள் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான். பிள்ளை எங்கே படிக்க வேண்டும் என்பதை, அவள் அங்கே சேர்ந்தால் கமிஷன் வாங்கப்போகிறவர் முடிவு செய்யக் கூடாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1996-ல் என்னிடம் பிளஸ் டூ படித்தவன், ஈரோடு பக்கம் எட்டுத் தறி ஓட்டுகிறான். போன டிசம்பரில் மகளோடு வீட்டுக்கு வந்தான். பொண்ணு பி.இ. மெக்கானிக்கல், 10-க்கு 8.0 மதிப்பெண். ஒரு கன்சல்டன்சி ஆறு கல்லூரிகளின் பட்டியல் கொடுத்திருந்தது. சேவைக் கட்டணம் எதுவும் கிடையாதாம், முழுக்க இலவசமாம். ஆனால் சீட்டைப் பிடித்துவைக்க 50,000 ரூபாய் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. மீதிக்கு வீட்டுப் பத்திரத்தையும் தறிக்குடோன் பத்திரத்தையும் வங்கியில் வைக்கப் போகிறான். "சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்" என்றான்.

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஆறுமே தனியார் கல்லூரிகள். ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 12,000 யூரோ.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது, வெளிநாட்டு மாணவர்களுக்கும்தான். செமஸ்டர் பங்களிப்பு என்று நூறு முதல் நானூறு யூரோவுக்குள் ஒரு தொகை வாங்குவார்கள். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும். விதிவிலக்குகள் உண்டு. ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்கால செமஸ்டர் முதல் முதுநிலைப் படிப்புக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. இப்படிச் சிலவற்றைத் தவிர்த்தாலும் பட்டியலில் சேர்க்க அரசுப் பல்கலைக்கழகங்கள் நிறைய இருக்கின்றன.

பிறகு ஏன் அந்த ஆறில் ஒன்றுகூட அரசுப் பல்கலைக்கழகம் இல்லை? ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கமிஷன் கொடுத்து ஆள் சேர்ப்பதில்லை. கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகள் கொடுக்கின்றன. "இலவச சேவை" என்பதன் அர்த்தம், பணம் வேறு பக்கமிருந்து வருகிறது என்பதுதான். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அரசு நிதி பெறும் பல்கலைக்கழகங்களே ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருகின்றன. அது சட்டவிரோதம் இல்லை, ரகசியமும் இல்லை. ஆனால் பத்திரத்தை அடகு வைக்கும் அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் கணக்குப் போடாமல் விடுவேனா? யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத் தனியார் கட்டணம் 24 லட்சம். அரசுப் பல்கலைக்கழகத்தில் நான்கு செமஸ்டருக்கு, தலைக்கு 300 யூரோ என்றால், 1 லட்சத்து 20 ஆயிரம். வித்தியாசம் 22 லட்சத்து 80 ஆயிரம். சாப்பாடு, வாடகைச் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். இந்த வித்தியாசத்தை மட்டும் 11 சதவீத வட்டியில் பத்து வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 31,000 ரூபாய்க்கு மேல். பத்து வருடத்தில் கட்டி முடிப்பது 37 லட்சத்துக்கு மேல். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவே இல்லை. இந்தத் தாளைத்தான் அவன் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள்தான் பேசினாள். "தாத்தா, கவர்ன்மென்ட் யுனிவர்சிட்டி எனக்குக் கிடைக்காதுன்னு அவங்க சொன்னாங்க."

சரி கண்ணு, அதையும் கணக்காகவே பார்ப்போம் என்றேன். ஜெர்மனியில் 1 என்பது மிக நல்ல மதிப்பெண், 4 என்பது தேர்ச்சியின் எல்லை. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழிக்க வேண்டும். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அவளுக்கு அதிகபட்சம் 10, தேர்ச்சி 5, வாங்கியது 8. இரண்டை ஐந்தால் வகுத்தால் 0.4, மூன்றால் பெருக்கினால் 1.2, ஒன்றைக் கூட்டினால் 2.2. பல முதுநிலைப் படிப்புகள் 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் கேட்கின்றன. ஆக, வாசலிலேயே நிறுத்திவிட மாட்டார்கள். போட்டி இருக்கும், நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் "கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே சொன்னது பொய்.

இனி, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது.

ஒன்று. பட்டியலை நீங்களே போடுங்கள். டிஏஏடி என்பது ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பு. அதன் இணையதளத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. பாடம், கட்டணம், ஊர் என்று பிரித்துத் தேடலாம். பிறகு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய் விதிமுறைகளை முழுதாகப் படியுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை இது.

இரண்டு. மதிப்பெண்ணைவிடப் பாடப் பொருத்தம் முக்கியம். நீங்கள் இளநிலையில் படித்த பாடங்கள், எத்தனை கிரெடிட் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். மெக்கானிக்கல் படித்தவர் ஃபேஷனாக இருக்கிறதே என்று டேட்டா சயின்ஸ் கேட்டால் அரசுப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் மறுத்துவிடும். கட்டணத்துக்காக யாரையும் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. அங்கே இடம் கிடைத்தது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மூன்று. கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். அனாபின் என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் ஹெச் பிளஸ் என்று குறித்திருந்தால் அங்கீகரிக்கப்பட்டது. கட்டடம் ஜெர்மனியில் இருந்தாலும் கொடுக்கும் பட்டம் வேறு நாட்டுடையதாக இருப்பதுண்டு. தனியார் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து சேருங்கள் என்கிறேன்.

நான்கு. தேதிகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். குளிர்கால செமஸ்டர் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கும். பல இடங்களில் கடைசித் தேதி ஜூலை 15. ஆனால் நம்மைப் போல வெளியிலிருந்து வருபவர்களுக்கு மார்ச்சிலோ மே மாதத்திலோ முடித்துவிடும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அதோடு, 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு விசா வாங்க ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். நம் சான்றிதழ்கள் உண்மையானவை என்று டெல்லியில் உள்ள ஜெர்மன் தூதரகப் பிரிவு சரிபார்த்துத் தருவது. கட்டணம் 18,000 ரூபாய். வர நாள் பிடிக்கும், எனவே முதல் வேலையாக இதற்கு விண்ணப்பியுங்கள்.

ஐந்து. விண்ணப்பத்துக்கான இமெயிலும் பாஸ்வேர்டும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். ஏஜென்ட்டே மெயில் ஐடி உருவாக்கி, அவரே விண்ணப்பித்து, பதிலையும் அவரே படிக்கிற வழக்கம் இருக்கிறது. அப்படியானால் எங்கே இடம் கிடைத்தது, எங்கே விண்ணப்பிக்கவே இல்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? 2023-ல் கனடாவில் நம் நாட்டு மாணவர்கள் பலர் வைத்திருந்த அட்மிஷன் கடிதங்கள் போலி என்று தெரிந்து, படித்து முடித்த பிறகும் அவர்கள் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்த செய்தியை நினைவில் வையுங்கள். கல்லூரியிடமிருந்து நேரடியாக உங்களுக்கே மெயில் வரும்படி வைத்திருந்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

ஆறு. நோக்கக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். பத்துப் பேருக்குப் பெயர் மாற்றிக் கொடுக்கும் கடிதம் வேண்டாம். இத்தனை வருடம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன், காப்பியடித்தது மூன்றாவது தாளிலேயே தெரிந்துவிடும்.

ஏழு. பணத்தை நேர்மையாகக் கணக்கிடுங்கள். முதல் வருடச் செலவுக்கென்று முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் 11,904 யூரோ காட்ட வேண்டும், மாதம் 992 யூரோ எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தொகை அவ்வப்போது உயர்கிறது, விண்ணப்பிக்கும்போது சரிபாருங்கள். படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்க அனுமதி உண்டு. அது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கைகொடுக்கலாம். "பார்ட் டைம்ல ஃபீஸே கட்டிடலாம்" என்பவரை நம்ப வேண்டாம்.

எட்டு. ஜெர்மன் மொழியை இங்கேயே தொடங்குங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். வீடு கொடுப்பவர், டாக்டர் வீட்டு வரவேற்பாளர், வேலைக்கு நேர்காணல் செய்பவர் எல்லோரும் ஆங்கிலம் பேச மாட்டார்கள். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். மொழி தெரியாமல் போனவர்களுக்கு அந்த 18 மாதம் போதவில்லை என்று அங்கிருக்கும் என் மாணவர்களே சொல்கிறார்கள்.

பிளஸ் டூ முடித்தவுடனே அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிளஸ் டூவை வைத்து அங்கே இளநிலைப் படிப்பில் நேரடியாகச் சேர்வது பெரும்பாலும் முடியாது. இங்கே கல்லூரியில் ஓராண்டு முடித்திருக்க வேண்டும், அல்லது ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சி வேண்டும், இல்லையென்றால் அங்கே ஸ்டூடியன்கொல்லெக் என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பு. அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும். அவசரப்பட வேண்டாம். இங்கே ஒழுங்காக ஒரு டிகிரி முடித்துவிட்டுப் போவது பெரும்பாலான நம் பிள்ளைகளுக்கு நல்லது.

உதவித்தொகையையும் தேடுங்கள். டிஏஏடி தருகிறது. எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளில் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோவும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி பெறத் தமிழ்நாடு அரசும் மத்திய அரசும் தனித்தனியே திட்டங்கள் வைத்திருக்கின்றன. கமிஷன் இல்லாததால் இவற்றை எந்த ஏஜென்ட்டும் உங்களுக்கு எடுத்துச் சொல்லப் போவதில்லை.

எல்லாக் கன்சல்டன்டும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நேர்மையாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு, கேட்ட கல்லூரிக்கு விண்ணப்பித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரிப் பிள்ளைக்குக் கேட்க வேறு ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் யாரிடம் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கல்லூரி உங்களுக்குக் கமிஷன் தருகிறதா? இதே படிப்பு அரசுப் பல்கலைக்கழகத்தில் எங்கே இருக்கிறது? பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்? பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தறிக்காரர் மகள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அவளே உட்கார்ந்து ஐந்து அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஒன்றில் மறுத்துவிட்டார்கள். நான்குக்குப் பதில் வரவேண்டும். கட்டிய 50,000 ரூபாய் திரும்ப வரவில்லை. பத்திரம் இரண்டும் இன்னும் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. இந்த வருடம் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் கோவையில் வேலை பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிப்பதாகச் சொல்கிறாள். அப்பனும் சரி என்றுவிட்டான்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் போகும்போது உங்களுக்கு யாரோ ஒரு சீனியர் வழி சொன்னார். மாதத்தில் ஒரு மணி நேரம் நம் ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு ஒதுக்குங்கள். எந்த நாடு, என்ன படித்தீர்கள் என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். கேட்க நினைக்கும் பிள்ளைகளும் தயங்காமல் எழுதுங்கள், நானே இணைத்து வைக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிறு காலையில் வீட்டுக்கு வாருங்கள். கன்சல்டன்சி கொடுத்த பட்டியலை மறக்காமல் கொண்டு வாருங்கள்.