கராச்சின் மேல் ஒரு பரண்



யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில், குறிகட்டுவானில் தகப்பன் வழிக் காணியில் வீடு கட்டுகிற ஸ்காபரோ வாசகர் ஒருவர் வரைபடத்தோடு கடிதம் போட்டிருக்கிறார். வீட்டிலிருந்து தள்ளித் தனியாக ஒரு கராச். கீழே வாகனமும் வள்ளத்து எஞ்சினும். மேலே, தகரக் கூரைக்குக் கீழ், விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் படுக்க ஒரு பரண். கனடாவில் கூரைக்குள் ஓரடிக்கு மேல் கண்ணாடிப் பஞ்சு போடுகிறார்களே, இங்கே எத்தனை அங்குலம் போடலாம் என்று கேட்கிறார்.

அங்குலக் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், அண்ணை. அங்கே உள்ளிருக்கும் சூடு வெளியே போய்விடக் கூடாது. இங்கே தலைக்கு மேலிருந்து வருகிற சூடுதான் வில்லங்கம். யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு நேர் உச்சியில் சூரியன் வருடத்தில் இரண்டு முறை வரும்: சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும், ஆவணி மாதத்திலும். அந்நாட்களில் நடுப்பகல் வெயில் சுவரில் படுவதேயில்லை, அத்தனையும் கூரைக்குத்தான். துருவேறிய தகரம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். அந்தத் தகரம் அடுப்புத் தணல் மாதிரித் தன் வெக்கையைக் கீழே வீசும்.

வீசும் வெக்கையை மறிக்க அலுமினியத் தாள் போதும். அதே சூட்டில் இருக்கும் கறுப்புப் பரப்பு வீசும் வெக்கையில் இருபதில் ஒரு பங்களவைத்தான் பளபளப்பான அலுமினியம் வீசும். ஆனால் அதற்கு முன்னால் ஓரங்குலமாவது வெறும் இடைவெளி வேண்டும். பலகையோடு ஒட்டி அடித்தால் காசு வீண். பளபளப்புப் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசு படியும், தூசு படிந்தால் வேலை செய்யாது. ஈரச் சீமெந்து பட்டால் அலுமினியம் அரித்துப்போகும் என்பதையும் மேசனுக்குச் சொல்லி வையுங்கள். சோளகம் தொடங்கினால் கடலுப்பு கூரைக்குள்ளும் வரும். முதலில் போவது ஆணிதான். ஆணியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கண்ணாடிப் பஞ்சைக் குறை சொல்லவில்லை. சூட்டை அதுவும் தடுக்கும். ஆனால் பொழுதுபட்ட பிறகு பரண் ஆறுவதையும் அது தாமதப்படுத்தும், பிள்ளைகள் படுக்கப் போகிற நேரம் அதுதான். மாரியில் கூரை ஒழுகி நனைந்தால் பயனும் இல்லை. ரெஜிபோம் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கீழே பெற்றோல் இருக்கிறது. ரெஜிபோம் பற்றினால் எழும் கரும்புகையே ஆளைக் கொல்லும். பனையோலை வேய்ந்த கொட்டிலின் குளிர்மைக்கு இவை எதுவும் கிட்ட வராது என்பது என் கட்சி. அதே பெற்றோலுக்காக ஓலையையும் விட வேண்டியிருக்கிறது. வேய்ச்சலுக்கு ஆள் பிடிப்பதும் இப்போது பெரும்பாடு.

தகரத்துக்குப் பதில் அஸ்பெஸ்டஸ் சீற் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எல்லா வகை அஸ்பெஸ்டசும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2018 முதல் இறக்குமதியை நிறுத்த நம் அரசும் எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியது. அஸ்பெஸ்டசை உலகுக்கு விற்பதில் முன்னணியில் நிற்பதும் ரஷ்யாதான். சில நாட்களில் அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிப்போனது, தேயிலை கப்பலேறியது. வண்டு என்ன ஆனதோ! காணியில் பழைய சீற் கிடந்தால் அறுக்கவோ துளைக்கவோ விடாதீர்கள்; நனைத்து, முழுசாகவே கழற்றச் சொல்லுங்கள்.

செலவு இறுகினால் முதலில் கூரைக்கு வெளியே வெள்ளைப் பூச்சு, அடுத்தது அலுமினியத் தாள், மற்றதெல்லாம் பிறகு. வரைபடத்தில் பரணுக்கு ஒரு யன்னல்தான் கண்டேன். சோளகம் நுழையத் தென்மேற்கிலும், வாடைக்கு வடகிழக்கிலும் ஒவ்வொன்று வையுங்கள். முகட்டருகே சூடு வெளியேற இரு பக்கமும் வலையடித்த துவாரம் விடுங்கள். வலை இல்லாவிட்டால் அணில் குடிவரும். இதையெல்லாம் அத்திவாரம் வெட்ட முன்பே மேசனோடு பேசிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்