இயந்திரம் வருமுன் அதிபர்கள் ஆயத்தமாகட்டும்

கமம் செய்து வாழ்ந்த குடும்பமொன்று இடம்பெயரும்போது காணியைக் காவிச் செல்ல முடிவதில்லை. கிணறும் பனங்கூடலும் மாட்டுக்கொட்டிலும் செம்மண் தோட்டமும் பின்னே நின்றுவிடுகின்றன. கூட வருவது பிள்ளைகளின் படிப்பு ஒன்றுதான். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தின் பெரும்பகுதியிலிருந்தும் எமது மக்கள் வெளியேறிய காலங்களில், மரநிழலிலும் ஓலைக்கொட்டிலிலும் வகுப்புக்கள் நடந்தன. வலிகாமம் வடக்குக் குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்றுவரை தம் காணிக்குத் திரும்பவில்லை. ஆதலால் பாடசாலைக்குள் வரும் எந்த மாற்றமும் எமக்கு அந்நியமானதன்று. எஞ்சியுள்ள ஒரே முதுசம் பற்றிய விடயம் அது.

இப்போது அவ்வாறான மாற்றமொன்று வாசலில் நிற்கின்றது. செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணினி முறையினைப் பாடசாலைகளில் அறிமுகப்படுத்தும் முன்னோடித் திட்டமொன்று, மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 20 பாடசாலைகளில் 8 ஆம் தரத்திலிருந்து தொடங்கப்படும் என 2024 இல் அரசு அறிவித்தது. திட்டம் எமது கிராமத்துக்கு வரும்வரை பிள்ளைகள் காத்திருக்கவில்லை. கட்டுரையை எழுதித் தரும்படியும் கணக்கைச் செய்து தரும்படியும் கைத்தொலைபேசியிடம் கேட்கப் பலர் ஏற்கனவே பழகிவிட்டனர்.

இந்நிலையில் முதலில் பயிற்றப்பட வேண்டியவர்கள் யார்? பிள்ளைகள் என்பர் சிலர், ஆசிரியர்கள் என்பர் வேறு சிலர். எமது கருத்து வேறு. வலயக் கல்விப் பணிப்பாளர்களும் கோட்டக் கல்விப் பணிப்பாளர்களும் அதிபர்களுமே முதலில் ஆயத்தமாக வேண்டும். எந்த முறையை வாங்குவது, எந்த விபரத்தைக் கொடுப்பது, எந்த முடிவை அதனிடம் விடுவது என்பவற்றைத் தீர்மானிக்கும் பேனா அவர்களது கையிலேயே உள்ளது. யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என எமது மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. இந்த ஐந்து பணிமனைகளிலும் எடுக்கப்படும் முடிவு ஆயிரக்கணக்கான வீடுகளைத் தொடும்.

நாம் இயந்திரத்துக்கு எதிரானவர்கள் அல்லர். கணித ஆசிரியர் இல்லாத தீவகப் பாடசாலையொன்றில் படிக்கும் பிள்ளை, ரியூசனுக்குக் கொடுக்கப் பணமில்லாத பிள்ளை, ஒரே கணக்கைப் பத்துத் தடவை வெட்கமின்றிக் கேட்டு விளங்கிக்கொள்ள இது உதவலாம். ஆனால் எமது தோட்டங்களுக்குத் துலாவின் இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்த வரலாற்றை நாம் மறக்கலாகாது. இயந்திரம் உழைப்பைக் குறைத்தது, விளைச்சலைக் கூட்டியது. எவ்வளவு இறைக்கலாம் என்று அறியாமல் இறைத்த இடங்களில், சுண்ணக்கல்லின் கீழிருந்த நன்னீர் வற்ற, உவர் மேலேறியது. அதில் இயந்திரத்தின் குற்றம் எதுவுமில்லை. அளவு சொல்லுவார் இருக்கவில்லை.

இந்த முறை எவ்வாறு இயங்குகின்றது? கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லின் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து அது எழுதுகின்றது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், பிழையைக்கூடத் தடுமாறாது எழுதிவிடுவதும் உண்டு. அது படித்தவற்றில் ஆங்கிலமே மிகுதி, தமிழ் சொற்பம். அதிலும் எமது மண்ணின் வழக்கு மிகச் சொற்பம். எமது வெங்காயச் செய்கை பற்றிக் கேட்டால் வேறொரு நாட்டின் பருவத்தையும் மருந்தையும் அது சொல்லக்கூடும். வயலறிந்தவர் சிரித்துவிட்டுப் போவார். பிள்ளை அதனை அப்படியே கொப்பியில் எழுதிவிடும்.

இதிலும் பாரதூரமானது, பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இந்த முறைகளை விடுவது. 2020 இல் கொவிட் நோயினால் பரீட்சை நடைபெறாதபோது, இங்கிலாந்தில் உயர்தர மாணவரின் பெறுபேறுகள் கணினிச் சூத்திரமொன்றினால் தீர்மானிக்கப்பட்டன. அது ஒவ்வொரு பாடசாலையினதும் கடந்தகாலப் பெறுபேறுகளையும் கணக்கில் எடுத்தது. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் நூற்றுக்கு 40 அளவிலானவை குறைக்கப்பட்டன. மாணவர் வீதிக்கு இறங்கினர். ஓகஸ்ட் 17 இல் அம்முறை கைவிடப்பட்டது. இதனை எமது நிலைமையில் வைத்துப் பாருங்கள். இடம்பெயர்ந்து, கொட்டிலில் இயங்கி, ஆசிரியரை இழந்த பாடசாலையின் பழைய பெறுபேறு எப்படி இருக்கும்? அந்தப் பெறுபேற்றை வைத்து இன்றைய கெட்டிக்காரப் பிள்ளையை அளப்பது நீதியாகுமா? இரண்டு மூன்று பாடசாலை மாறிய பிள்ளையின் வரவுப் பதிவில் இடைவெளி இருக்கும். போர் பற்றி எதுவும் அறியாத இயந்திரம் அந்த இடைவெளியைச் சோம்பல் என்று வாசிக்கும்.

சூத்திரங்கள் பற்றி எமது சமூகத்துக்கு எவரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் இளைஞர் மனதில் ஏற்படுத்திய காயம் நாடறிந்தது. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு, வன்னியிலும் மன்னாரிலும் இருந்த பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கதவு திறந்ததும் உண்மையே. ஆகவே சூத்திரம் எல்லாமே தீது என்பதல்ல எமது வாதம். அதனை யார் வகுத்தார், யாரைக் கேட்டு வகுத்தார், பாதிக்கப்பட்டவர் எங்கே முறையிடலாம் என்பனவே கேள்விகள்.

அதிபர்களுக்கும் பணிப்பாளர்களுக்குமான ஆயத்தம் எப்படி அமைய வேண்டும்? மண்டபத்தில் மங்கல விளக்கேற்றி ஒரு நாள் விரிவுரை கேட்பது ஆயத்தமாகாது. பின்வரும் ஐந்தையும் நாம் முன்வைக்கின்றோம்.

முதலாவது, கையால் தொட்டறிதல். ஒவ்வொரு அதிபரும் ஆசிரியர் மையத்தில் அமர்ந்து, தன் பாடசாலைப் பாடநூலிலிருந்து தமிழில் வினாக்களைக் கொடுத்து, வரும் விடையை நூலோடு ஒப்பிட்டுப் பிழைகளைக் குறிக்க வேண்டும். பிழையைத் தன் கண்ணால் கண்டவர் விளம்பரத்தில் மயங்கமாட்டார்.

இரண்டாவது, பிள்ளைகளின் விபரங்களைக் காத்தல். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவுகளை விசேட வகையாகக் கொள்கின்றது. அதன் விதிகள் கட்டங்கட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவரப்படுகின்றன. எனினும் அதிபர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தகப்பன் காணாமற் போனவர், குடும்பம் நலன்புரி நிலையத்தில் இருந்தது என்பன போன்ற குறிப்புக்கள் எந்த வெளிக் கணினிக்குள்ளும் போகலாகாது என்று இன்றே விதி செய்யலாம். யுனெஸ்கோ நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் இவற்றைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயதாக 13 ஐக் குறிக்கின்றது. கீழ்வகுப்புக்களுக்கு அதனை எல்லையாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, தீர்ப்பு மனிதருடையதாக இருத்தல். கட்டுரையை இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களும் உள்ளன. 2023 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் கட்டுரைகளை அவற்றிடம் கொடுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை எனத் தவறாகக் குறிக்கப்பட்டன. எமது பிள்ளையைக் கள்ளனாக்க இத்தகைய சாட்சி போதாது. பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்கும் ஆசிரியரே மேலான சோதனை.

நான்காவது, வாங்குமுன் விசாரித்தல். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் கல்வி மாவட்டம் 2024 மார்ச்சில் பெரும் பணச்செலவில், பெரும் ஆரவாரத்துடன் உரையாடும் கணினி உதவியாளர் ஒன்றை அறிமுகம் செய்தது. சில மாதங்களில் அதனை ஆக்கிய நிறுவனம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது, உதவியாளரும் நிறுத்தப்பட்டது. செல்வம் படைத்த மாவட்டமே இப்படி அகப்பட்டதென்றால், இலவசம் என்ற சொல்லோடு வருபவரிடம் நாம் எத்தனை கேள்வி கேட்க வேண்டும்? இலவசம் எத்தனை வருடத்துக்கு, பின்னர் யார் செலுத்துவது, விபரங்கள் எங்கே சேமிக்கப்படும் என்பன எழுத்தில் பெறப்பட வேண்டும்.

ஐந்தாவது, பின்தங்கியவரை முன்வைத்துத் திட்டமிடல். கொவிட் காலத்தில் பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் நடந்தபோது, ஒரே தொலைபேசியைக் கொண்ட வீடுகள் பட்ட பாடு நாமறிந்ததே. தகப்பன் கூலிவேலைக்குப் போகும்போது தொலைபேசியும் கூடவே போய்விடும். இணையம் எட்டாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன வழி என்று சொல்லாத திட்டத்துக்கு எந்தப் பணிப்பாளரும் கையொப்பமிடலாகாது.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரேரே, வங்கியில் பணம் இடுவதுபோல் மாணவர் தலையில் அறிவை இடும் கல்வியைக் கண்டித்தவர். அவரே 1989 முதல் 1991 வரை சாவோ பாவுலோ நகரின் கல்விச் செயலாளராகப் பொறுப்பேற்றார். நிர்வாகக் கதிரையில் அமர்ந்தவர்களும் மக்களோடு சேர்ந்து சிந்திக்கலாம் என்பதற்கு அவர் உதாரணம். எமது வலயங்களில் அந்தச் சேர்ந்து சிந்தித்தலுக்கான இடம் புதிதாகக் கட்டப்பட வேண்டியதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒவ்வொரு கிராமத்திலும் உள்ளது.

தோட்டக்காரரான எமக்குக் கணினி பற்றி என்ன தெரியும் என்று பெற்றோர் பின்வாங்க வேண்டாம். விதை வாங்கும்போது யார் தந்தது, எங்கே விளைந்தது, முளைக்காவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்காமல் நீங்கள் வாங்குவதில்லை. அதே மூன்று கேள்விகளை அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். அதிபரின் விடையைக் கூட்டக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். விடை இல்லையென்றால், அது கிடைக்கும்வரை பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுக்க வேண்டாம் என்று தீர்மானம் எடுங்கள்.