விசிலுக்குக் காத்திருப்பவர் யார்?

மாலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் ஒருவர், கைப்பையை வைத்த கையோடு பருப்பைக் கழுவிக் குக்கரை அடுப்பில் ஏற்றுகிறார். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கும்போதும், மறுநாள் வகுப்புக்கான குறிப்புகளைப் புரட்டும்போதும் அவருடைய ஒரு காது சமையலறையிலேயே இருக்கிறது. மூன்றாவது விசில் வந்ததும் எழுந்து சென்று அடுப்பை அணைக்க வேண்டும். இந்திய வீடுகளில் பெரும்பாலும் அந்தக் காது ஒரு பெண்ணுடையது.

மின்சார பிரஷர் குக்கர் வாங்கலாமா என்ற கேள்வியை இந்தக் காதிலிருந்து தொடங்குவதே முறை. விளம்பரங்களோ வேகத்திலிருந்து தொடங்குகின்றன.

வேகம் என்ற வாதம் இந்தியச் சமையலறையில் நிற்காது. அடுப்புக் குக்கர் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு அழுத்தத்தில் இயங்குகிறது. அப்போது நீர் 120 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கிறது. மின்குக்கர்கள் பலவற்றில் அழுத்தம் 10 முதல் 12 பவுண்டு வரைதான். வெப்பம் சற்றுக் குறைவு; நேரம் சற்றுக் கூடுதல். மேலும், திரையில் தெரியும் ‘10 நிமிடம்’ அழுத்தம் ஏறிய பிறகான நேரம் மட்டுமே. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் துவரம்பருப்புக்கு அரைமணி நேரமாவது ஆகிவிடும்.

இன்ஸ்டன்ட் பாட் 2010-இல் கனடாவில் அறிமுகமானபோது, அதை வாங்கிய பலருக்கு அழுத்தச் சமையலே புதிது. ஹாக்கின்ஸும் பிரஸ்டீஜும் 1959 முதலே புழங்கும் நாட்டில் ஒப்பீடு வேறு. ஏற்கெனவே ஒரு குக்கர் இருக்கும் வீட்டில் இரண்டாவது குக்கர் எதற்கு என்பதே இங்குள்ள கேள்வி.

அதற்கான விடை கவனம். மின்குக்கர் அழுத்தத்தையும் வெப்பத்தையும் தானே உணர்ந்து, மின்சாரத்தைத் தானே குறைத்து, நேரம் முடிந்ததும் தானே நின்றுகொள்கிறது. யாரும் விசில் எண்ண வேண்டியதில்லை. கடைக்குப் போகலாம், குளிக்கலாம், ஒரு கட்டுரையை இடையறாமல் படிக்கலாம். அது மிச்சப்படுத்துவது நிமிடங்களைக் காட்டிலும், அந்நிமிடங்களின் மேல் விழுந்திருக்கும் காவலை.

இப்படிப் பார்த்தால் தேர்வும் எளிதாகிறது. தாமதத் தொடக்க வசதி இருப்பது முதல் தேவை. காலையில் ராஜ்மாவையோ கொண்டைக்கடலையையோ தண்ணீரோடு போட்டுவிட்டுச் சென்றால், பகலெல்லாம் ஊறி, வீடு திரும்பும்போது வெந்திருக்கும். கடுங்கோடையில் ஊறும் பருப்பு புளித்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. இறைச்சியையும் பாலையும் எந்தப் பருவத்திலும் இப்படி விட்டுச்செல்லக் கூடாது. மெதுவாகச் சமைக்கும் ‘ஸ்லோ குக்’ முறையில் ராஜ்மாவை வேகவைப்பதும் ஆபத்து. அதிலுள்ள நச்சுப் புரதம் குறைந்த வெப்பத்தில் அழிவதில்லை; அழுத்தத்தில் முழுமையாக வேகவைத்தால் அழிந்துவிடும்.

உள்பாத்திரம் எவர்சில்வராக இருப்பது நல்லது. அதிலேயே தாளிக்கலாம், கீறல் பற்றிய அச்சம் வேண்டாம். சிலிக்கோன் கேஸ்கெட் சாம்பார் வாசனையைப் பிடித்துவைத்துக்கொண்டு பாயசத்தில் விடும் என்பதால், மாற்று கேஸ்கெட் ஊரிலேயே கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். இரண்டு பேருக்கு 3 லிட்டர், நான்கைந்து பேருக்கு 5 அல்லது 6 லிட்டர் போதும். வாடகை அறையில் வாழும் ஆய்வு மாணவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1000 வாட் மின்குக்கர் இழுப்பது நாலரை ஆம்பியருக்கும் குறைவு. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்போ ஒன்பது ஆம்பியரைத் தொடும், அதற்கு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். முகப்பில் பதினான்கு பொத்தான்கள் இருப்பது மட்டும் தகுதியாகாது; அன்றாடம் பயன்படுபவை மூன்றோ நான்கோதான். மாலையில் அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊரில் பழைய குக்கரே துணை.

இத்தனையும் சரியாகத் தேர்ந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. விடுபட்ட கவனம் யாருக்குப் போய்ச் சேரும்? வீட்டுச் சாதனங்கள் பெருகிய அமெரிக்காவில் பெண்களின் வேலை ஏன் குறையவில்லை என்பதை வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியான ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்ற நூலில் ஆராய்ந்தார். சாதனம் வந்ததும் எதிர்பார்ப்புகள் உயர்ந்தன. பிறர் பகிர்ந்துவந்த வேலைகளும் ஒருத்தியின் தலையில் விழுந்தன. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகக் காட்டியது. அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்களே 26.1 விழுக்காட்டினர்தான், பெண்களில் அது 81.2 விழுக்காடு. குக்கர் தானாக நிற்பதால் இந்த இடைவெளி தானாகக் குறையாது. பருப்பு வேகும் அரைமணி நேரத்தில் அவரே சப்பாத்தியும் இடுவார் என்று வீடு எதிர்பார்க்கத் தொடங்கினால், காவலின் இடத்தில் இன்னொரு வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனாலும் இந்தச் சாதனம் ஒரு சாக்கை மட்டும் உறுதியாகப் பறிக்கிறது. விசில் ஓர் அனுபவ அளவை. தீயின் அளவு, தண்ணீர், குக்கரின் வயது ஆகியவற்றுக்கேற்ப ஒரு வீட்டின் மூன்று விசில் இன்னொரு வீட்டில் ஐந்தாகும். பல ஆண்டுகள் அடுப்பருகே நின்றவருக்கே அது பிடிபடும். “எத்தனை விசில் என்று எனக்குத் தெரியாதே” என்று ஒதுங்கிக்கொள்ள அது வசதியாகவும் இருந்தது. மின்குக்கரோ நிமிடங்களில் பேசுகிறது. எண்களைப் படிக்கத் தெரிந்த எவரும் அதை இயக்கலாம்.

ஆகவே, வாங்குமுன் கொள்ளளவையும் விலையையும் ஒப்பிடும் குடும்பம், வாரத்தில் எந்தெந்த நாள் யார் அதன் பொத்தானை அழுத்துவது என்பதையும் பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது.