எல்லை தெரியாத உயரம்

ஸமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்' நாவலுக்கு 2024இல் புக்கர் பரிசு கிடைத்ததும் நம்மவர்களுக்கு அதில் இரண்டு விஷயங்கள் ஒரே மூச்சில் பிடித்துப்போய்விட்டன. நாவலில் கதை இல்லை என்பது ஒன்று. விண்வெளி நிலையத்திலிருந்து பார்த்தால் நாட்டெல்லைகள் தெரிவதில்லை என்பது மற்றொன்று.

கதையின்மை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கும்பகோணத்தில் பிறந்த நகுலன் 1972இலேயே 'நினைவுப் பாதை'யைத் தந்துவிட்டார். கதை எங்கே என்று தேடிக் கைவிரித்த அதே ரசனைதான், லண்டன் முத்திரை விழுந்ததும் கதையின்மையைக் கொண்டாடக் கிளம்பியிருக்கிறது.

எல்லை விவகாரம்தான் தொந்தரவு. ஆறு பேர், ஒரு நாள், பூமியைச் சுற்றி 16 சுற்று. நாவலில் நடப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். கோடுகளற்ற உருண்டையைக் கண்டு ஆறு பேரும் முதலில் உருகுகிறார்கள். நம் கட்டுரையாளர்கள் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. ஹார்வி மூடவில்லை. பார்க்கப் பார்க்க அவர்களுக்கு வேறொன்று பிடிபடுகிறது. கடலில் படரும் பாசி, சுருங்கும் ஏரி, பின்வாங்கும் பனி என்று கீழே தெரியும் நிறங்களிலெல்லாம் அரசியலின் கை இருக்கிறது. சம்பவமே இல்லை என்று சொல்லப்படும் நாவலின் பெரிய சம்பவம் இந்தப் பார்வை மாற்றம்.

தஞ்சாவூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டுமா? அதே 2024இல் மேட்டூர் அணை ஜூன் 12 தவறி ஜூலை 28இல்தான் திறந்தது. பம்புசெட் உள்ளவன் குறுவை நட்டான். இல்லாதவன் வயலைச் சும்மா போட்டுச் சம்பாவுக்குக் காத்திருந்தான். 400 கிலோமீட்டர் உயரத்துக்கு அந்த ஜூலை மாத டெல்டா, பச்சையும் பழுப்புமாக ஓர் ஒட்டுத்துணி, அழகாகக்கூட இருந்திருக்கும். 1991இன் இடைக்காலத் தீர்ப்பு, 2007இன் இறுதித் தீர்ப்பு, தமிழ்நாட்டுக்கான 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்த 2018இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இத்தனை காகிதமும் அந்தப் பழுப்புக்குள் கிடக்கிறது. எல்லை தெரியவில்லை என்று பரவசப்படுகிறவருக்குப் பயிரைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நாவலிடமும் ஒரு வழக்கு உண்டு. பெரும்புயல் பிலிப்பைன்ஸை நெருங்கும்போது ஒரு மீனவன் குடும்பத்திடம் இறங்குகிறது. போதிய நேரம் தங்குவதில்லை. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜாவும் மேலிருந்து ஒரு வெள்ளைச் சுழிதான். பேராவூரணியில் சாய்ந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து, மரத்துக்கு 1,100 ரூபாய் என்றார்கள். எண்ணுவதற்கு ஆள் தோப்புக்குள் இறங்க வேண்டியிருந்தது.