சாவி யார் கையில்?

மூக்கண்டப்பள்ளியைச் சூழ்ந்த தொழிற்பேட்டையில் இரவும் பகலும் யந்திரங்கள் இயங்குகின்றன. லேத்தின் ஓசையும் பிரஸ்ஸின் அதிர்வும் சாலை வரை கேட்கின்றன. ஓசையின்றி இயங்கும் ஒரு யந்திரமும் இன்று தொழிலுக்கு இன்றியமையாததாகிவிட்டது. அதுவே சர்வர். ஆர்டர், சரக்கிருப்பு, பில், தொழிலாளரின் சம்பளக் கணக்கு ஆகிய யாவும் அதனுள் அடங்கியுள்ளன. அது நின்றுபோனால் லாரியில் ஏற்றிய சரக்குக்கும் பில் போட முடியாது.

இந்தச் சர்வரை நிர்வகிப்பது ஒரு காலத்தில் மிகச் சிலருக்கே கைவந்த கலையாக இருந்தது. கறுத்த திரையில் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டெழுத வேண்டும்; ஓர் எழுத்துப் பிசகினாலும் வேலை கெடும். இந்நிலையை மாற்றியவை நிர்வாகப் பேனல்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேமி கேமரன் 1997-இல் வெளியிட்ட வெப்மின் அவற்றுள் முன்னோடிகளில் ஒன்று. பிரவுசரில் முகவரியைத் தட்டிக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். புதிய பயனரைச் சேர்ப்பதும், நகல் எடுத்து வைப்பதும், சர்வரை நிறுத்துவதும், மீண்டும் ஓட்டுவதும் பொத்தான்களாகக் கண்முன் நிற்கும்.

கட்டளை தெரியாதவன் நிர்வாகியே அல்லன் என்று இகழ்வோர் உண்டு. அவர்கள் கூற்று எனக்கு உடன்பாடன்று. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையின் முதலாளி, இதற்கென ஒரு நிபுணரைச் சம்பளத்துக்கு அமர்த்த முடியுமா? வரலாறோ வணிகவியலோ படித்த நம் போன்றோரும் அந்தப் பணியை ஏற்கப் பேனல் வழி செய்கிறது. சிலர் கையில் இருந்ததைப் பலர் கைக்குக் கொண்டுவருவது விஞ்ஞானத்தின் நற்பணி அல்லவா?

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாளி தம் வீட்டிலிருந்தே பேனலைத் திறக்கும்படி இணையத்தில் அதை விட்டுவைத்தால், உலகின் எந்த மூலையில் உள்ளவனும் அதன் வாசலில் வந்து நிற்கலாம். பேனலோ சர்வரின் உச்ச அதிகாரத்தோடு இயங்குவது. அதைக் கைப்பற்றியவன் சர்வரையே கைப்பற்றியவன் ஆவான்.

இது வீண் அச்சமன்று. தமிழகத்தோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றே இதற்குச் சான்று. சென்னையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் மேனேஜ் எஞ்சின் பிரிவு, ஊழியர்கள் தம் கடவுச்சொல்லைப் பிரவுசர் வழியே தாமே மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருள் ஒன்றை அளிக்கிறது. கடவுச்சொல் இன்றியே உள்ளே நுழைய இடந்தரும் ஓட்டை ஒன்று 2021-இல் அதில் தென்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது. அமெரிக்க அரசு அமைப்புகளும் எச்சரித்தன. ஆனால் ஜெனீவாவின் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு அத்திருத்தத்தை உரிய காலத்தில் பொருத்தவில்லை. நவம்பர் 9-ஆம் நாள் அந்த ஓட்டை வழியே பகைவர் நுழைந்தனர். 2022 ஜனவரி 18-ஆம் நாள்தான் அது தெரியவந்தது. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தோர், காணாமற் போனோர், சிறைப்பட்டோர் என 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அந்நியர் கண்ணில் பட்டன. பிள்ளையைத் தேடும் ஒரு தாய் நம்பிக் கொடுத்த முகவரி, பூட்டாத கதவால் வெளியே போனது!

திருத்தங்களைப் பொருத்திவிட்டால் கவலையில்லை என்று சிலர் கருதலாம். 2018-இல் வெப்மின் தயாராகும் கணினியிலேயே யாரோ புகுந்து நச்சு வரிகளைச் சேர்த்துவிட்டனர். 2019 ஆகஸ்டில்தான் குட்டு வெளிப்பட்டது. இடையில் முறையாகப் புதுப்பித்தவர்களுக்கும் நஞ்சு போய்ச் சேர்ந்தது. இருப்பினும், பேனலை வெளியார் எட்ட முடியாதபடி வைத்திருந்தவர்களிடம் அந்நியன் நேரே வந்து தட்டக் கதவு இல்லை.

பழுது பார்க்க வரும் எலெக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை அணைத்ததும் ஃப்யூஸைக் கழற்றித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைப் பட்டறையில் எல்லோரும் கண்டிருப்பர். சுவிட்சு எல்லோர் கைக்கும் எட்டும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. சர்வருக்கும் அதே ஒழுங்கு வேண்டும். பேனல் அலுவலகத்துக்குள்ளோ, பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பிலோ மட்டும் திறக்கட்டும். கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் இரண்டாம் எண்ணையும் கேட்கட்டும். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கேற்ற அதிகாரம் என்று இருக்கட்டும். வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றே நீக்கட்டும். நகலை வேறிடத்தில் வைத்து, அது மீண்டும் ஓடுகிறதா என்று அவ்வப்போது பார்க்கட்டும்.

இவற்றைக் கற்பிக்கப் பெருஞ்செலவு வேண்டுமா? இல்லை. கல்லூரியின் பழைய கணினி ஒன்றில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸையும் வெப்மினையும் அமைத்து, வாரம் ஒரு மாணவர் நிர்வாகி என்று பொறுப்பளித்தால் போதும். பொத்தானை அழுத்தும் மாணவர், அது பின்னால் எந்தக் கட்டளையை ஏவுகிறது என்பதையும் ஏட்டில் எழுதிக் காட்ட வேண்டும். கலை, அறிவியல் என்ற பாகுபாடு இதில் தேவையில்லை.

மாணவ நண்பர்களே! நம் வாசலிலேயே ஆலைகள் உள்ளன. அவற்றின் கணக்குகளைக் காக்கும் ஆட்களுக்குத் தேவையும் உள்ளது. பொத்தானை அழுத்த எவரும் ஒரு நாளில் கற்கலாம். அதன் சாவியைப் பொறுப்போடு காக்கத் தெரிந்தவரிடமே பிறர் தம் சர்வரை நம்பி ஒப்படைப்பர். அந்த நம்பிக்கைக்குத் தகுதி பெறுவோம்.